மதிலை இடித்த துபாஷி

வேம்பங்கோட்டைப் பாளையத்தை இப்போது தேடினால் கிடைக்காது. ஆனால் அதன் கோட்டை மதிலை இடிக்கச் சொல்லிக் கும்பினித் துரை ஒருவர் வந்து இறங்கியபோது, மதில் கம்பீரமாகத்தான் நின்றது. பென்ரோஸ் என்பது துரையின் பெயர். ஊரார் வாயில் பென்ராசு.

ராஜா சொக்கபூபதி தம் துபாஷி செவ்வந்திலிங்கத்தை அழைத்தார். துரையின் இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்வது அவர் வேலை.

"மதில் போனால் பாளையம் போச்சு. அது இடியக்கூடாது. துரை சொல்லையும் மீறக்கூடாது. ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னீர் என்று தெரிந்தாலும் உமது தலை தப்பாது. என்ன செய்வீர்?"

"உள்ளதை உள்ளபடியே சொல்கிறேன், மகாராஜா" என்றார் துபாஷி.

துரைக்கும் ஒரு சங்கடம் இருந்தது. மதிலை ஒட்டிய மண்டபத்தை அவர் தம் வீடாக்கிக்கொண்டிருந்தார். உள்ளே அவர் மனைவி துரைசாணியின் கண்ணாடிச் சரவிளக்கும் பீங்கான் கோப்பைகளும் இருந்தன. அதனால், "கேர்ஃபுல்லி இடிக்கச் சொல்" என்றார்.

துபாஷி யோசித்தார். ஜாக்கிரதையாக, கவனமாக, பதனமாக... சொல்லுக்கா பஞ்சம்? ஒன்றைப் பொறுக்கினார்.

"மேஸ்திரி, பார்த்து இடிக்கணுமாம். நல்லாப் பாருங்க!"

ஆட்கள் கடப்பாரையைச் சாய்த்துவிட்டுச் சாயங்காலம்வரை மதிலைப் பார்த்தார்கள்.

"என்ன செய்கிறார்கள்?" என்றார் துரை.

"கேர்ஃபுல்லி, துரை."

ஒரு கோப்பைகூட ஆடவில்லை என்று துரைசாணிக்குப் பரம திருப்தி. மறுநாள் துரை, "ஜென்ட்லி" என்றார்.

"மெல்ல வேண்டுமாம், மேஸ்திரி!"

உடனே வெற்றிலைப் பைகள் அவிழ்ந்தன. அத்தனை பேரும் மென்றார்கள். மதிலடி சிவந்ததே தவிர, ஒரு கல் பெயரவில்லை.

துரைக்குப் பொறுமை குறைந்தது. ஆனால் துரைசாணி குறுக்கே வந்து, "பாவம், வெயில். லெஷர்லி செய்யட்டுமே" என்றாள்.

"ஆற அமரச் செய்யணுமாம்!" என்றார் துபாஷி.

ஆட்கள் புளியமர நிழலில் ஆறினார்கள். அமர்ந்தார்கள். சிலர் குறட்டையும் விட்டார்கள்.

இப்படியே நாள் ஓடியது. திடீரென்று ஒரு காலையில் சேதி வந்தது. சென்னையிலிருந்து பெரிய துரை பார்வையிட வருகிறார்! பென்ரோஸ் பதறி ஓடிவந்தார். துபாஷியின் மேலங்கியைப் பிடித்து உலுக்கினார்.

"மதில் நின்றால் நீ தூக்கில் தொங்குவாய்! இனி அந்த 'லி' எதுவும் வேண்டாம். இடி! அவ்வளவுதான்!"

துபாஷி யோசித்துப் பார்த்தார். இதற்கு என்ன மாற்றுச் சொல் இருக்கிறது?

"இடியுங்கள்" என்றார், தரையைப் பார்த்தபடி.

மேஸ்திரி கடப்பாரையை ஓங்கி ஒரே போடு போட்டார். மதிலில் துளை விழுந்தது. மண்டபம் அதிர்ந்தது. சரவிளக்கு விழுந்து நொறுங்கியது. துரைசாணி வீறிட்ட சத்தம் கடைத்தெருவரை கேட்டது.

துரை வெளியே பாய்ந்தார். பல்லக்குக்காரர்களிடம் சொல்லிச் சொல்லிப் பழகிய ஒரே தமிழ் வார்த்தை அவர் வாயில் வந்தது.

"நிறுத்து! நிறுத்து!"

"எதை, துரை?" என்றார் துபாஷி, வெகு பணிவாக.

துரை மதிலைக் காட்டி, "நிறுத்து!" என்று கத்தினார்.

துபாஷி ஊரார் பக்கம் திரும்பினார். "எல்லாரும் கேட்டீர்களா? துரை மதிலை நிறுத்தச் சொல்கிறார்! மேஸ்திரி, சுண்ணாம்பைக் குழையுங்கள்!"

துரைசாணியின் அலறலுக்குப் பயந்து துரை மறுபடி கடப்பாரையைத் தொடச் சொல்லவில்லை. பெரிய துரை வந்தபோது மதில் முன்னைவிடப் பலமாக நின்றது. விசாரித்தார். பென்ராசு துரை உத்தரவுப்படிதான் நிறுத்தினோம் என்று ஊரே ஒரே குரலில் சொன்னது. பென்ரோஸ் அந்த வாரமே மூட்டை கட்டினார். போன வேகத்துக்கு எந்த 'லி'யும் பொருந்தாது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த பொற்கடகத்தைக் கழற்றித் துபாஷிக்குப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"உண்மையைச் சொல்லும். 'நிறுத்து' என்பதை நீர் கொஞ்சம் மாற்றித்தானே மொழிபெயர்த்தீர்?"

"நான் எங்கே மொழிபெயர்த்தேன், மகாராஜா? அது துரையே பேசிய தமிழ்!"