பொம்மக்கா வாங்கிய பழைய கடம்

பொம்மக்கா என்ற கரடி, தேனீ மூக்கில் கொட்டிய வலியில் தடுமாறி, தன் கடத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். கடம் மூன்று துண்டாகப் போயிற்று.

கடம் என்பது தண்ணீர் பிடிக்கிற பானை இல்லை. மடியில் சாய்த்து, அதன் வாயை வயிற்றோடு அணைத்து, விரலால் தாளம் வாசிக்கிற கெட்டியான மண்பானை. முதல் மழைமேகம் மலையேறும் நாளில் அந்தக் காட்டில் கச்சேரி நடக்கும். தவளைகள் பாடும். சில்வண்டுகள் சுருதி பிடிக்கும். பதினோரு வருடமாகப் பொம்மக்காதான் கடம். இந்த வருடம் மழைக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது.

விஷயம் காட்டுப்பன்றி மாடசாமி காதுக்கு எட்டியது. அவன் சிரித்துக்கொண்டே வந்தான்.

"கடத்தை மடியில வெச்சு வாசிப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். மேலேயே ஏறி உட்கார்ந்து வாசிச்சது நீதான்க்கா!"

"போடா! வேற கடம் வாங்கிக்குவேன்."

"மழை வந்துடும்க்கா. நான் ஒரு காய்ஞ்ச கட்டையை உருட்டி வெச்சிருக்கேன். இந்த வருஷத் தாளம் என்னோடது!"

பொம்மக்காவுக்கு வயிறு எரிந்தது. கட்டையில் தாளமா? அதற்குக் கச்சேரியே வேண்டாமே!

அவளிடம் பத்துத் தேனடைகள் இருந்தன. மழைக்காலத்தில் தேன் கிடைக்காது. இரண்டு மாதத்துக்கு அதுதான் சாப்பாடு. ஆனாலும் கொஞ்சம் கறையானைத் தோண்டிச் சமாளித்துக்கொண்டு, மீதியைக் கொடுத்துக் கடம் வாங்கலாம் என்று முடிவு செய்தாள்.

அந்தக் காட்டின் நடுவே ஒரு பெரிய பள்ளத்தாக்கு. இந்தக் கரையிலிருந்து கூப்பிட்டால் அந்தக் கரையில் கேட்கும். நடந்து போக இரண்டு நாள் ஆகும். அதனால் பழைய சாமான் வியாபாரமெல்லாம் அங்கே குரலில்தான். முகம் பார்க்காமலே பேரம் முடிந்துவிடும். சரக்கைக் குரங்குகள் சுமந்து வந்து கொடுக்கும்.

முகம் தெரியாத வியாபாரம் என்பதால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வாங்குகிறவர் விலையைக் கொண்டுபோய் மருதமரத்து இருவாச்சியிடம் கொடுக்க வேண்டும். இருவாச்சி பெரிய மூக்குப் பறவை. குஞ்சு பொரிக்கும்போதெல்லாம் மரப்பொந்தின் வாயைச் சேற்றால் அடைத்துப் பழகிய குடும்பம். அவர் விலையை ஒரு பொந்தில் வைத்துச் சேறு பூசிவிடுவார். சரக்கு வந்து, சரியாக இருந்தால்தான் சேற்றை உடைத்து விற்றவருக்கு அனுப்புவார். வராவிட்டால் வாங்கியவருக்கே திரும்பும். வாத்தியம் என்றால் அவர் காது கேட்க ஒருமுறை வாசித்துக் காட்ட வேண்டும். கூலி, ஓர் அடை.

மறுநாள் காலையில் அக்கரைப் புதரிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"பழைய கடம் விற்பனைக்கு! ஒரே கை வாசிச்சது! ஒரு கீறல் கிடையாது!"

பொம்மக்கா கரைக்கு ஓடினாள். "யாருங்க அது?"

"மரநாய் சிங்காரம். வேற காட்டுக்குக் குடி போறேன். அவசரமா விக்கணும்."

"கொஞ்சம் முன்னால வாங்களேன், பார்க்கலாம்!"

"மரநாய்க்குப் பகல்ல கண்ணு கூசும்னு உனக்குத் தெரியாதாம்மா?"

அதுவும் நியாயம்தான் என்று பொம்மக்காவுக்குப் பட்டது. "சரி, ஒரு தட்டுத் தட்டிக் காட்டுங்க!"

டங்! கும்! தகிட தகிட டங்!

அப்பா, என்ன நாதம்! கோயில் மணியைத் துணியால் மூடி அடித்ததுபோல் ஒரு குழைவு. அது முடிந்ததும் எங்கேயோ ஒரு மரங்கொத்தி, டொக் டொக்.

"இன்னொரு தடவை?"

டங்! கும்! தகிட தகிட டங்! பிறகு, டொக் டொக்.

"கழுத்துப் பக்கம் மட்டும் தட்டுங்களேன்!"

டங்! கும்! தகிட தகிட டங்! டொக் டொக்.

கேட்டது கழுத்து. வந்தது பழைய தாளமே. மரங்கொத்தியும் ஒரு நொடி பிசகாமல் வந்தது. பொம்மக்காவுக்கு அது உறைக்கவில்லை. பாவம் மரங்கொத்தி, இன்றைக்கு வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டாள். ஆசை வந்துவிட்டால் காதும் கொஞ்சம் அப்படித்தான், வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

"என்ன விலை?"

"எட்டு அடை."

"சரி. இருவாச்சி அண்ணன்கிட்ட எட்டு வெச்சுடறேன்."

புதரிலிருந்து வந்த குரல் சட்டென்று குழைந்தது.

"எதுக்கும்மா அந்த மூக்கனுக்கு ஒரு அடை தண்டம்? பள்ளத்தாக்கு முனையில எல்லைப் பாறை இருக்கு பார், அங்க வெச்சுடு. என் ஆள் எடுத்துக்கும். உனக்காக ஏழு அடைக்குத் தர்றேன்!"

பொம்மக்கா விரலை மடக்கினாள். இருவாச்சி வழியாகப் போனால் கூலியோடு ஒன்பது. மிச்சம் ஒன்றே ஒன்று. நேராகக் கொடுத்தால் மிச்சம் மூன்று! நாக்கில் தேன் ஊறியது. இருந்தாலும் மனசு ஒப்பவில்லை.

"இல்லீங்க, இருவாச்சி இல்லாம நான் பழகினதில்ல."

"உன் இஷ்டம். ஒரு சிறுத்தை வேற விடாம கேட்டுக்கிட்டிருக்கு. நாளைக்குக் காலையில கொடுத்துடுவேன்."

"ஐயோ, கொடுத்துடாதீங்க!"

"என்னை நம்ப முடியல, அதுதானே? சரி, ஒண்ணு செய்யலாம். உங்க மருதமரத்து இருவாச்சியோட கூடப்பிறந்த தம்பி எங்க கரையில இருக்கார். அவர் வழியாவே வா. கூலியே கிடையாது. இரு, கூப்பிடறேன்."

சற்று நேரத்தில் அதே புதர்ப் பக்கமிருந்து கனத்த குரல் வந்தது. இருவாச்சியின் அதே கரகரப்பு, அதே இழுவை.

"என்னம்மா, என்னையுமா சந்தேகப்படறே? அண்ணன் பொந்தும் என் பொந்தும் ஒண்ணுதான். பாறையில வெச்சுட்டுப் போ. எடுத்து நானே அடைச்சுடறேன்."

பொம்மக்காவுக்கு நிம்மதியாகிவிட்டது. இருவாச்சியே பேசிவிட்டார். இனி என்ன?

மறுநாள் விடிந்ததும் ஏழு அடைகளைத் தேக்கிலையில் கட்டித் தூக்கிக்கொண்டு எல்லைப் பாறைக்குப் போனாள். வழியெல்லாம் அவள் விரல்கள் காற்றில் தாளம் போட்டன. மாடசாமி அந்தக் கட்டையை உருட்டிக்கொண்டு திரும்பிப் போவதை நினைத்து ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள்.

பாறையில் அடைகளை இறக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது அடை மட்டும் கையோடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"வெச்சாச்சு, அண்ணே!" என்று கத்தினாள்.

"நல்லதும்மா! திரும்பிப் பார்க்காம போ. நான் பறந்து வர்றேன்!" என்றது அக்கரைக் குரல்.

பொம்மக்கா பத்தடி நடந்தாள்.

"இதோ வந்துட்டேன்!" என்றது அதே குரல், இப்போது பாறைக்குப் பக்கத்துச் செடியிலிருந்து.

அவள் கால் நின்றது.

வந்துவிட்டாரா? எப்போது வந்தார்?

இருவாச்சி பறந்தால் ஊருக்கே தெரியுமே! அந்தச் சிறகு காற்றை அறுக்கிற சத்தம் மரத்துக்கு மரம் கேட்கும். தலைக்கு மேல் போனால் அவளுடைய காது முடி சிலிர்த்துக்கொள்ளும். தூங்குகிற ஆந்தைகூடக் கண் திறந்து திட்டும். இப்போதோ ஒரு சத்தமும் இல்லை. பள்ளத்தாக்கைத் தாண்டி இவ்வளவு பெரிய பறவை, பூனை மாதிரியா வந்து இறங்கும்?

பொம்மக்கா திரும்பிப் பார்க்கவில்லை. குரலை அமைதியாக வைத்துக்கொண்டாள்.

"அண்ணே, ஒரு சின்ன ஆசை. உங்க சிறகுச் சத்தம் கேட்டாத்தான் எனக்கு நல்ல சகுனம். அந்தச் செடியிலேர்ந்து இந்த மரத்துக்கு ஒரு தடவை பறங்களேன். நான் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்."

"நேரமாச்சும்மா, போ!"

"ஒரே தடவை அண்ணே!"

செடியில் ஒரு தொண்டைக் கனைப்பு. பிறகு, "ஹுஷ்ஷ்! ஹுஷ்ஷ்! ஹுஷ்ஷ்!"

சத்தம் அச்சு அசல் சிறகுச் சத்தம்தான்.

ஆனால் பொம்மக்கா பார்த்துக்கொண்டிருந்தது எதிரே இருந்த இலைகளை. ஓர் இலைகூட அசையவில்லை. அவள் காது முடியில் ஒன்றுகூடச் சிலிர்க்கவில்லை. சத்தம் வந்தது, காற்று வரவில்லை.

சத்தம் ஓய்ந்ததும், பழக்க தோஷத்தில், செடிக்குள்ளிருந்து டொக் டொக்.

பொம்மக்காவுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. மரநாயும் இல்லை, தம்பியும் இல்லை, மரங்கொத்தியும் இல்லை. கடமே இல்லை!

"அடப்பாவி!" என்று ஒரே பாய்ச்சலில் செடியைப் பிடித்து உலுக்கினாள். உள்ளேயிருந்து ஒரு கரிச்சான் குருவி விழுந்தடித்துக்கொண்டு பறந்தது. உடம்பு கையளவு. வாலில் இரண்டு நீள இறகு, ஒவ்வொன்றும் ஒரு முழம். கேட்ட குரலையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்கிற பறவை. அடையிலிருக்கும் தேனீப் புழு என்றால் அதற்கு உயிர். எங்கேயோ ஒரு கடம் வாசிக்கக் கேட்டிருக்கிறது, பின்னாலேயே மரங்கொத்தி கொத்தியதையும் சேர்த்து.

"கட்டையில தாளம் போடு, போ!" என்று மாடசாமியின் குரலிலேயே பழித்துவிட்டு மறைந்தது.

கோபம் வரும் என்றுதான் பொம்மக்கா நினைத்தாள். வரவில்லை. பாறையிலேயே உட்கார்ந்தாள். ஏழு அடையையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. இன்னும் பத்தடி நடந்திருந்தால்? மழை இரண்டு மாதம் கொட்டும், கடமும் இருக்காது, சாப்பாடும் இருக்காது. அந்த நினைப்பு தீர, அரை அடையை அங்கேயே தின்றாள். அந்தத் தேன் என்றைக்கும் இல்லாத அளவுக்கு இனித்தது.

நேராக மருதமரத்துக்குப் போனாள்.

"அண்ணே, உங்களுக்கு அக்கரையில தம்பி உண்டா?"

இருவாச்சி மூக்கைச் சொறிந்தார். "எங்கம்மா போட்டது ஒரே முட்டை. அதுவும் நான்தான். ஏன் கேக்கறே?"

"ஒண்ணுமில்ல," என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னாள்.

இருவாச்சி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "நல்லவேளை!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது.

அன்று மாலையே பொம்மக்கா கரையில் நின்று தொண்டை கிழியக் கூவினாள். "பழைய கடம் வேணும்! விலை மருதமரத்துப் பொந்துல! சம்மதம்னா பேசு, இல்லேன்னா வேண்டாம்!"

மூன்று நாள் யாரும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் காலையில் கூச்சமான ஒரு குரல் கேட்டது.

"நான் எறும்புத்தின்னி ஏகாம்பரம். இதோ பாறை மேல நிக்கறேன், தெரியுதா? என்கிட்ட ஒரு கடம் இருக்கு. ஆனா வாய்ப் பக்கம் நகக் கீறல் ஒண்ணு உண்டு. முதல்லயே சொல்லிடறேன்."

"ஏன் விக்கறீங்க?"

"எனக்குப் பயம் வந்தா சுருண்டுக்கற பழக்கம்மா. போன வருஷம் எங்க கரைக் கச்சேரி நடுவுல இடி இடிச்சுது. கடத்தைக் கட்டிக்கிட்டே சுருண்டு, மேடையிலேர்ந்து உருண்டு போயிட்டேன். போதும்பா! இனிமே நான் கைத்தட்டறதோட சரி."

பொம்மக்கா சிரித்தாள். "கழுத்தைத் தட்டுங்க, கேக்கலாம்."

டிண். டிண். மெல்லிய, எடுப்பான சத்தம்.

"வயித்தை?"

கும்ம்!

கேட்டது கேட்ட இடத்திலிருந்து வந்தது. எந்த மரங்கொத்தியும் வரவில்லை.

"ஆறு அடை தர்றியா?" என்றார் ஏகாம்பரம். பிறகு தயங்கி, "பொந்துல வெக்கறேன்னு சொன்னியே, நிஜந்தானே? கடத்தை அனுப்பிட்டு நான் வெறுங்கையோட நிக்கக் கூடாது பாரு. ரெண்டு தடவை ஏமாந்தாச்சு" என்றார்.

பயம் தனக்கு மட்டும்தான் என்று இத்தனை நாள் பொம்மக்கா நினைத்திருந்தாள். அக்கரையிலும் ஒருவர் இதே பயத்தோடுதான் நிற்கிறார்.

"நிஜந்தான். இருவாச்சி அண்ணனே வந்து சொல்லுவார்," என்றாள்.

ஆறு அடை பொந்துக்குள் போயிற்று. இருவாச்சி சேறு பூசினார். பிறகு சிறகை விரித்தார். காடே அதிர, இலையெல்லாம் ஆட, பொம்மக்காவின் காது முடி சிலிர்க்க, பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய், "விலை வந்தாச்சு!" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆறாம் நாள் குரங்குகள் கடத்தை வைக்கோல் சுற்றித் தூக்கி வந்தன. பொம்மக்கா மருதமரத்தடியில் உட்கார்ந்து, இந்தத் தடவை இரண்டு முறை கீழே பார்த்துவிட்டு உட்கார்ந்து, கடத்தை மடியில் சாய்த்தாள். கீறல் அவர் சொன்ன இடத்தில், அவர் சொன்ன அளவில் இருந்தது. விரலை வைத்தாள்.

டிண்! கும்ம்! தகிட தகிட டங்!

இருவாச்சி தலையை ஆட்டினார். மேலே டொக் டொக் என்று ஒரு சத்தம். பொம்மக்கா ஒரு நொடி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பயப்பட ஒன்றுமில்லை. அது பொந்தின் சேற்றை இருவாச்சி உடைக்கிற சத்தம்.

இரண்டு நாள் கழித்து மேகம் மலையேறியது. தவளைகள் தொடங்கின. மாடசாமி கட்டையைத் தள்ளி வைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்து தாளம் தப்பாமல் வாலை ஆட்டினான். பொம்மக்காவின் குகையில் இன்னும் இரண்டரை அடை பத்திரமாக இருந்தது.

முகம் தெரியாதவரிடம் பழைய வாத்தியம் வாங்கும்போது, அது நம் கைக்கு வந்து ஒலிக்கும்வரை விலையை இருவருக்கும் பொதுவான, நாமே அறிந்து தேர்ந்த இடத்தில்தான் வைக்க வேண்டும், விற்பவர் கைகாட்டும் இடத்தில் ஒருபோதும் வைக்கக் கூடாது.