காயாத ஜெர்சி

மாவட்டப் பெண்கள் கால்பந்து அணிக்கு ஆள் எடுத்து முடிந்தது. தேர்வாளர் தங்கதுரை, ஜெர்சி துவைத்துத் தரும் மரியபுஷ்பத்தைக் கூப்பிட்டு, பெற்றோர் முன்னால் மார்க் பட்டியலை நீட்டினார்.

"எல்லாம் நேர்மையா நடந்துச்சுன்னு சாட்சிக் கையெழுத்துப் போடும்மா."

"ஏழாம் நம்பர் பொண்ணு எப்படி ஆடுச்சு சார்?"

"பிரமாதம்! பத்துக்கு ஒன்பது."

மரியபுஷ்பம் துணிக்கொடியைக் காட்டினாள். "ஏழாம் நம்பர் ஜெர்சி இன்னும் காயவே இல்லையே சார். இன்னைக்கு அதை யாருக்குமே குடுக்கல."

பெற்றோர் கொதித்தார்கள். முதல் நாளே எழுதிவைத்த பட்டியல் அங்கேயே கிழிந்தது.

எல்லோரும் பாராட்டினார்கள். அவள் நிமிரவில்லை. போன வருஷமும் ஒரு ஜெர்சி காயாமல்தான் கிடந்தது. அதற்கும் மார்க் விழுந்ததைப் பார்த்துவிட்டு, நமக்கெதுக்கு வம்பு என்று கையெழுத்துப் போட்டிருந்தாள். அன்று அணியில் இடம் கிடைக்காமல் அழுதுகொண்டே போன கோல்கீப்பர் பெண் இந்த வருஷம் வரவேயில்லை.