மழைப் பக்கத்தில் ஒரு வரி

மலாயாத் தோட்டங்களைப் பற்றி வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய நாவல்களில் தமிழர்கள் எப்படி வருகிறார்கள் என்று தேடுவதிலேயே தவமலர் டீச்சரின் ஆயுள் கழிந்தது. பெரும்பாலும் பெயர் இல்லாமல் வந்தார்கள்.

டீச்சரிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு பக்கத்தைப் பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் அதை முழுவதுமாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். வாசிக்காமல் கருத்துச் சொன்னவர்களை வகுப்பை விட்டுப் போகச் சொல்லியிருக்கிறார்.

அவருடைய மாணவர் பழனியாண்டி இப்போது தானும் ஒரு பேராசிரியர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தைப்பிங்கில் இருக்கும் டீச்சர் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டார்.

“டீச்சர், நான் நடத்துற அந்தத் துரை நாவலைப் பாடத்திலேருந்து எடுத்துடலாம்னு இருக்கேன்.”

“முதல்ல உட்காரு. மூச்சு வாங்குது. தொப்பை போட்டுட்ட.”

உட்கார்ந்தார்.

“இருபது வருஷமா நடத்துற புத்தகம். இப்ப என்ன வந்துச்சு?”

“வகுப்புல ஒரு பொண்ணு எழுந்து கேட்டுட்டா. ‘சார், மழை வர்ற பக்கத்தை வாசிக்கிறப்போ ஒரு வரியை விட்டுடுறீங்களே, ஏன்?’னு. லைப்ரரி புத்தகத்துல பார்த்திருக்கா. ‘நீங்களும் தோட்டத்துலேருந்து வந்தவர்தானே, இதை எப்படி சார் ரசிக்கிறீங்க?’னு கேட்டா.”

“நீ என்ன சொன்ன?”

“நேரமாயிடுச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.”

டீச்சர் சிரித்தார். பழனியாண்டி சிரிக்கவில்லை.

“நாளைக்கு மறுபடி அதே வகுப்பு. முன் வரிசையில வந்து உட்காருவா. எனக்கு அந்த மழை பிடிக்கும் டீச்சர். அதை எழுதினவனே எங்கம்மா மாதிரி ஆளுங்களை மாடுன்னும் சொல்றான். ரெண்டும் ஒரே பக்கம். பிடிக்கும்னு சொல்ல வெட்கமா இருக்கு. பிடிக்காதுன்னு சொன்னா பொய்.”

“வாசி.”

“புத்தகம் கொண்டு வரலை. மனப்பாடமாத் தெரியும்.”

“அப்படீன்னா தமிழ்லயே சொல்லு.”

பழனியாண்டி கண்களை மூடிக்கொண்டு சொன்னார்.

“விடிவதற்கு முன் மழை மலைச்சரிவில் இறங்கி வந்தது. முதலில் சத்தம் மட்டும். பிறகு ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாக மறைந்தன. கடைசியில் பங்களாவின் விளக்கு மட்டும் மிஞ்சியது. துரை தேநீர்க் கோப்பையைக் கையில் ஏந்தியபடி, இன்றைக்கு உலகத்தில் யாருக்கும் எந்த வேலையும் இல்லை என்று நினைத்து மகிழ்ந்தார்.”

கண்களைத் திறந்தார்.

“நல்லா இருக்கு,” என்றார் டீச்சர். “மெய்யாவே நல்லா இருக்கு.”

பிறகு சொன்னார்:

“மறுபடியும் விட்டுட்ட.”

மறுபடியும் விட்டதே பழனியாண்டிக்கு அப்போதுதான் தெரிந்தது. அந்த வரியை அம்மாவுக்காகத்தான் விடுகிறோம் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தார். இங்கே அம்மா இல்லை. மாணவர்களும் இல்லை.

“என்கிட்டயும் சொல்ல மாட்டியா?”

தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“லயத்து வீடுகளின் வாசல்களில் கூலிகள் மாடுகளைப் போல நின்று, வெற்றுக் கண்களால் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.”

“எதுக்கு நின்னாங்க?”

“அவன் எழுதலை.”

“அவனைக் கேட்கலை. உன்னைக் கேட்கிறேன்.”



“விடியக்காலை மழை டீச்சர். மரம் நனைஞ்சிட்டா பால் எடுக்க முடியாது. அன்னிக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை.”

“உங்கம்மா என்ன செய்வாங்க?”

“வாளியைக் கீழ வச்சிட்டு வாசல்ல நிப்பாங்க. நாங்க கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாங்க. மழை விடுமா விடுமான்னு…”

நிறுத்திக்கொண்டார். வெளியே தூறல் விழத் தொடங்கியது. டீச்சர் எழுந்துபோய்ச் சன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

“அப்ப அவங்க கண்ணு எப்படி இருக்கும்?”

“அவன் எழுதின மாதிரிதான் இருக்கும்,” என்றார் பழனியாண்டி.

 சன்னல் கண்ணாடியில் மழை வழிந்தது.

“நாளைக்கு நான் என்ன செய்யட்டும் டீச்சர்? புத்தகத்தை எடுத்துடவா? இல்லே, அந்த வரி இல்லாமலே…”

“அந்த நாவலை நானும் எத்தனையோ தடவை முதல்லேருந்து கடைசி வரைக்கும் தேடிப் பார்த்துட்டேன் பழனி,” என்றார் டீச்சர். “உங்கம்மா அந்த ஒரு வரியிலதான் நிக்கிறாங்க.”