பிஸ்த்ரா மண்ணுக்குள் போனது

அந்தக் காலத்தில் ஆறுகளுக்கும் பேச்சு இருந்தது. இன்று மாண்டினீக்ரோ என்று சொல்கிறோமே, அந்தக் கருமலை நாட்டில் பிஸ்த்ரா என்றொரு ஆறு மலைமேலிருந்து அட்ரியாட்டிக் கடல்வரை வெயிலில் மின்னிக்கொண்டு ஓடியது. அதன் கரையில் ஆடு மேய்த்தவள் தாரிங்கா. கணவன் போரில் மாண்டபின் அவள் மனம்விட்டுப் பேசியது ஆற்றோடுதான்.

ஒரு கோடையில் பேரரசன் ஒருவனின் படை கடலோரத்தில் வந்திறங்கியது. சுற்றியிருந்த நாடுகளெல்லாம் அவனுக்குப் பணிந்துவிட்டன. எஞ்சியது கருமலை மட்டும்.

தளபதி ஆற்றிடம் ஆசை காட்டினான்: "எங்களை உச்சிவரை கூட்டிப்போ. உனக்குப் பளிங்கில் கரை கட்டித் தருகிறேன்."

பிஸ்த்ரா மேட்டில் நின்ற தாரிங்காவைத்தான் கூப்பிட்டது.

"பெண்ணே, நான் ஓடும் வழியேதான் அவர்கள் ஏறி வருவார்கள். இந்த வறண்ட மலையில் அவர்கள் குதிரைகளுக்கு வேறு தண்ணீர் ஏது? அதோ அந்தப் பாறைக்கு அடியில் பெரிய பிளவு இருக்கிறது. பாறையைப் புரட்டிவிடு, நான் உள்ளே போய்விடுகிறேன்."

தாரிங்கா கரைக்கு ஓடி வந்தாள். "நாங்கள் எதைக் குடிப்போம்? நீ இனி வெயிலையே பார்க்க மாட்டாயே!"

"மாட்டேன்தான். அவன் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவதைவிட இருட்டே மேல். ஆனால் தாகம் உங்களுடையது. நீயே சொல்."

கீழே புழுதி எழுந்தது. தாரிங்கா உச்சியைப் பார்த்தாள். பள்ளங்களில் இன்னும் பனி கிடந்தது. "பனியை உருக்கிக் குடித்துக்கொள்கிறோம்" என்றாள். ஒரு கட்டையைப் பாறைக்கு அடியில் கொடுத்து, உள்ளங்கை கிழியும்வரை நெம்பினாள். பாறை உருண்டது. மலையே அதிரும்படி பிஸ்த்ரா உள்ளே பாய்ந்தது.

ஏறி வந்த படைக்குக் கிடைத்தது வெறும் கூழாங்கல். குதிரைகள் நாக்கைத் தொங்கவிட்டுச் சரிந்தன. தளபதி திட்டிக்கொண்டே திரும்பிப் போனான்.

மேலே கணவாயைக் காத்து நின்ற ஊரார் காய்ந்த ஆற்றைக் கண்டு பதறினார்கள். தாரிங்காவின் மைத்துனன் ராதோயே என்பவன் கத்தினான்: "யாரைக் கேட்டு இப்படிச் செய்தாய்?"

"ஆற்றைக் கேட்டுத்தான் செய்தேன்" என்றாள் தாரிங்கா, உச்சியில் கிடந்த பனியைக் காட்டி.

அவன் அவளுடைய கைகளைப் பார்த்தான். பிறகு தோல் பையை எடுத்துக்கொண்டு பனி அள்ள மலையேறினான். ஊரே பின்னால் போனது. போகிற வழியில் தாரிங்கா மட்டும் குனிந்து பாறையில் காதை வைத்தாள். உள்ளே பிஸ்த்ரா சிரித்தபடி ஓடிக்கொண்டிருந்தது.

கருமலையில் ஆறுகள் பாறைக்குள் மறைந்து ஓடிக் கடலோரத்தில் தலைகாட்டுவதும், மேட்டுநிலத்து மக்கள் பனியைச் சேர்த்து வைத்துத் தாகம் தீர்ப்பதும் அன்று முதல்தான். இன்றைக்கும் அந்த மக்கள் வெளியூரார் முன் தலைநிமிர்ந்து சொல்வார்கள்: "எங்கள் ஆறுகூட யாருக்கும் பணிந்ததில்லை."