வேண்டாம் என்று அழுத்தியவர்

"நான் கேட்டுட்டுத்தானே நீக்கச் சொல்லி புரோகிராம் எழுதியிருக்கேன்? அப்புறம் எப்படிக் கேட்காம நீங்கும்?" என்றார் பொன்னுரங்கம்.

குரு தன் நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள்.

குரு என்றால் தாடி கீடியெல்லாம் கிடையாது. பெயர் பர்வீனா. சீடர் பொன்னுரங்கத்தைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். அலுவலகத்தில் கிண்டலுக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

விவகாரம் இதுதான். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கித் தரும் ஓர் அறக்கட்டளை. அதன் இணையதளத்தை எழுதியவர் பொன்னுரங்கம். அங்கே விண்ணப்பங்களைக் கவனிப்பவர் செண்பகவல்லி. விண்ணப்பங்கள் சில காணாமல் போயின. நகலிலிருந்து மீட்டாகிவிட்டது. ஆனால் பழி செண்பகவல்லி தலையில் விழுந்தது. இன்று சாயங்காலம் அவரை வேலையை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

"அந்தம்மா கை தவறி 'நீக்கு'ன்னு தட்டினாங்களாம். 'நிச்சயமா?'ன்னு கேட்டதும் 'வேண்டாம்'னுதான் அழுத்தினாங்களாம். பச்சைப் பொய்! 'ஆமா'ன்னு அழுத்தாம அது நீங்கவே நீங்காதுன்னு நானே அவங்க மேலிடத்துக்குச் சொல்லிட்டேன்."

"சோதிச்சுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேனே. 'ஆமா'ன்னு அழுத்தினேன். நீங்குச்சு."

குரு அவருடைய திரைப் பக்கம் குனிந்தாள்.

"'நிச்சயமா?'ன்னு யார் கேட்கிறது?"

"பிரவுசர். அந்தம்மா கம்ப்யூட்டர்ல."

"நீக்குறது?"

"நம்ம சர்வர்."

"ரெண்டையும் ஏன் ஒரே கோப்புல, அடுத்தடுத்த வரியில வச்சிருக்கீங்க?"

"பக்கத்துல இருந்தாத்தானே ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குக் கேட்கும்?"

குரு எழுந்தாள். சாப்பாட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பொன்னுரங்கத்துக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. தப்பாக ஏதாவது சொல்லிவிட்டோமா? அதே இரண்டு வரிகளை மறுபடி படித்தார். முதலில் கேள்வி, அப்புறம் நீக்கல். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அவரை இன்னும் குழப்பியது.

போன் சிணுங்கியது. குருவிடமிருந்து செய்தி.

"உங்க டப்பாவுல இருக்கிற போளியைச் சாப்பிடவா? ஆமா / வேண்டாம்."

இருந்ததே ஒரு போளிதான். காலையிலிருந்து அதை நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தார். 'வேண்டாம்' என்று தட்டி அனுப்பினார். மனசு கேட்கவில்லை. எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

டப்பா காலி. குரு விரலில் ஒட்டிய நெய்யைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"'வேண்டாம்'னு அனுப்பினேனே!"

"வந்துச்சு."

"அப்புறம் ஏன் சாப்பிட்டீங்க?"

"சாப்பிட்டுட்டுத்தான் கேள்வியையே அனுப்பினேன்."

"இது என்னங்க அநியாயம்! அப்ப நான் எதை அழுத்தியிருந்தாலும் போளி…"

பொன்னுரங்கம் பாதியில் நிறுத்தினார். அப்படியானால் சர்வரும் முதலில் நீக்கிவிட்டுத்தான் கேள்வியை அந்தம்மா திரைக்கு அனுப்பியிருக்கிறது!

கையிலிருந்த போனில் ஓர் எண்ணைத் தேடி அழைத்தார். எதிர்முனையில் ஒரு பெண் குரல், அழுது ஓய்ந்த குரல், யாரென்று கேட்டது.

"அம்மா, நீங்க 'வேண்டாம்'னுதான் அழுத்தினீங்க" என்றார்.