ஒரு கணு டையாந்தஸ்

“செடி போயிடுச்சு, சாமி,” என்றார் நஞ்சன்.

கோத்தகிரியில் தபால் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வீட்டு முன்புறம் முழுக்க டையாந்தஸ் பூச்செடிகள், முப்பத்தோரு வகை. அவர் யோசனை கேட்க வந்திருந்த குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதற்காக நஞ்சன் கூச்சப்பட்டதில்லை. தெரியாததைக் கேட்க வயது என்ன வயது.

“எந்தச் செடி?”

“வெள்ளைப் பூ, நடுவிலே அரக்கு வளையம். கிட்டப் போனா கிராம்பு வாசம். நூறு நாத்து முளைச்சதிலே இதைத்தான் என் வீட்டுக்காரி தனியா எடுத்து வச்சா. அவ போய் ஆறு வருசம். இந்த மழையிலே தண்டு அழுகிடுச்சு.”

“விதை?”

“போட்டுப் பாத்தேன். சிவப்பு வருது, ரோஸ் வருது, ஓரம் கிழிஞ்சது வருது. அது மட்டும் வரலை.”

தண்டைக் கிள்ளி நட்டால்தான் அதே பூ வரும். நஞ்சனுக்கு இது தெரியாததல்ல. மற்ற முப்பதையும் அப்படித்தான் காப்பாற்றி வந்தார்.

“இதிலே மட்டும் ஏன் கிள்ளலை?”

“அவ வச்சது, சாமி. நகம் வைக்க மனசு வரலை.”

சொல்லும்போதே அழுதுவிட்டார். அழுது முடிக்கட்டும் என்று குரு காத்திருந்தார்.

“யாராவது கேட்டாங்களா?”

“ஊரே கேட்டுச்சு. ஒரு கணு கூடக் குடுக்கலை.”

“திருடினாங்களா?”

நஞ்சன் முகம் கடுத்தது.

“ஒருத்தன். பேக்கரி தேவசகாயம். கையும் களவுமா பிடிச்சேன். திருடி நட்டாத்தான் தழைக்கும்னு பல்லைக் காட்டினான். நாலு பேர் முன்னாடி வாய்க்கு வந்தபடி பேசிட்டேன். அதோட அவன் முகத்திலே முழிக்கறதில்லை.”

“கிள்ளினதைப் பிடுங்கிட்டீங்களா?”

“நான் திட்டி முடிக்கறதுக்குள்ளே பாக்கெட்டிலே போட்டுக்கிட்டுப் போயிட்டான்.”

“அவர் வீட்டிலே பூத்துச்சா?”

“அந்தத் தெருப் பக்கமே நான் போறதில்லை, சாமி.”

நஞ்சன் எழுந்தார். செருப்பை மாட்டியவர், வாசலிலேயே நின்றார்.

“கேட்டா குடுப்பானா?”

“நீங்க குடுத்தீங்களா?”

“இல்லை.”

குரு எழுந்து வந்தார். வாசலோரத் தொட்டியில் சாதாரண ரோஸ் டையாந்தஸ் ஒன்று இருந்தது. இடது கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, வலது கையால் நுனியைச் சுண்டி இழுத்தார். கணுவோடு கழன்று வந்தது.

“இப்படி இழுத்தா சத்தமே வராது,” என்றார்.