வாசம் வராத சம்புடம்

திருப்பூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். அதன் வராந்தா அலமாரியில் பிள்ளைகளின் சாப்பாட்டுப் பாத்திரங்கள், மத்தியான மணி அடிக்கும்வரை ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது.

ஒருநாள் அங்கே புதிதாக, மூடி போட்ட ஒரு சம்புடம் வந்து சேர்ந்தது. பனியன் கம்பெனி வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துச் சிறுமி மினதியுடையது. உள்ளே தண்ணீர் ஊற்றிய பழைய சோறு, மேலே நாலு சொட்டுக் கடுகெண்ணெய். விடிகாலை ஷிப்ட்டுக்கு ஓடுகிற அம்மாவால் அவ்வளவுதான் முடியும். மினதிக்குத் தினமும் முதல் சாப்பாடே அதுதான்.

"அட கண்றாவியே! என்ன நாத்தம் இது?" என்றது கைப்பிடி வைத்த தூக்குப்போசி. அலமாரிக்கு அதுதான் நாட்டாமை. அதன் வீட்டிலும் தினம் காலையில் பழைய சோறுதான். பள்ளிக்கூடத்துக்கு வரும்போது மட்டும் சாம்பார் சாதம். அதைப் போய்ச் சொல்ல அங்கே யாருக்குத் தைரியம்?

"எங்க ஊர்ல எல்லாரும் சாப்பிடறதுதாங்க" என்றது சம்புடம்.

"அப்ப உங்க ஊருக்கே போ. இல்லீன்னா அக்கட்டால, செருப்புகிட்டப் போய் உக்காரு."

டப்பாக்களெல்லாம் கலகலவென்று சிரித்தன. ஒன்று இடித்தது, இன்னொன்று தள்ளியது. சம்புடம் கீழே விழுந்து விளிம்பு நெளிந்தது. பாவம், அதற்கு அழுகையே வந்துவிட்டது.

மூன்று நாள் செருப்புகளோடு கிடந்தது. நாலாம் நாள் காலையில் கெஞ்சியது.

"என்ன பண்ணினா என்னையும் சேத்துக்குவீங்க?"

"உன்ற வாசம் வெளிய வரப்படாது. அவ்வளவுதான்."

இவ்வளவுதானா! சம்புடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியை இறுக்கியது, இறுக்கியது, அப்படி இறுக்கியது.

மணி அடித்தது. மினதி மூடியை இழுத்தாள், தரையில் தட்டினாள், பல்லால் கடித்துப் பார்த்தாள். ஐயோ, பிள்ளைக்குப் பசிக்குமே என்று சம்புடமும் பதறிப்போய்த் திறக்கப் பார்த்தது. நெளிந்த விளிம்பில் மூடி வசமாகச் சிக்கியிருந்தது. பக்கத்தில் உட்காரவே பிள்ளைகள் மூக்கைப் பொத்துகிற இடத்தில் அவள் யாரைக் கூப்பிடுவாள்? சம்புடத்தைப் பழைய இடத்திலேயே வைத்து, குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

தூக்குப்போசி மோந்து பார்த்தது. "பரவால்லியே! துளி வாசமில்ல. இப்பத்தான் நீ நம்மாளு. மேல ஏறி வா."

வகுப்பறையில் மினதி பொத்தென்று விழுந்த சத்தம் கேட்டபோது, சம்புடம் வயிறு நிறையச் சோற்றோடு அலமாரியில் உட்கார்ந்திருந்தது.